பறந்து அளக்கும் முன்: ட்ரோன் நில அளவைக்கு ஒரு முதற் பாடம்

நம் பக்கத்து உறுப்பினர் பலர் ட்ரோன் என்னும் ஆளில்லாச் சிறு விமானத்தை முன்பே கண்டிருப்பர். கலியாண மண்டபத்து வாயிலில் மணமக்களின் தலைக்குமேல் வட்டமிடுவது ஒரு வகை. வயலில் மருந்து தெளிப்பது மற்றொரு வகை. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தெளிப்பு ட்ரோன் வழங்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்ததும், உழவர் கூட்டுறவின் பெருநிறுவனமான இப்கோ அதே ஆண்டில் 2,500 ட்ரோன்களை வாங்க முற்பட்டதும் யாவரும் அறிந்த செய்திகள். இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மூன்றாம் வகை. அது நிலத்தை நூற்றுக்கணக்கான படங்களாகப் பிடித்து, அப்படங்களிலிருந்து நீள அகலத்தையும் மேடு பள்ளத்தையும் கணித்தறிய உதவுவது.

பல்லடத்து உழவனுக்கு இதனால் என்ன பயன் என்று வினவுவோருக்கு ஒரே சொல்லில் விடை கூறலாம்: நீர். நம் வட்டாரம் மழை மறைவுப் பகுதி. பரம்பிக்குளம் - ஆழியாறு வாய்க்கால் நீரும் நான்கு மண்டலங்களுக்கு முறை வைத்தே விடப்படுகிறது. முறை வரும்வரை கிணறும் ஆழ்துளைக் கிணறுமே கதி. பெய்கிற சிறிது மழையையாவது ஓடவிடாது தேக்க வேண்டுமெனில், பண்ணைக் குட்டை எங்கே வெட்டுவது, வரப்பை எங்கே உயர்த்துவது, தூர்ந்துபோன பழைய ஓடை எவ்வழியே சென்றது என்பவை தெரிந்தாக வேண்டும். நம் செம்மண் காடுகள் கண்ணுக்குச் சமதளமாகவே தோன்றுகின்றன. நூறு மீட்டர் தூரத்திற்கு ஒரு முழம் சரிவு இருந்தால் அதுவே பெரிது. அந்த ஒரு முழத்தைப் பிழையின்றி அறிவதிலேயே குட்டை நிறைவதும் நிறையாததும் இருக்கின்றன. தவறான இடத்தில் வெட்டிய குட்டைக்குச் செலவிட்ட பணம் திரும்பாது.

இதன் தத்துவம் எளிது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், தூரம் பிடிபடாது. இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட இடங்களிலிருந்து பார்ப்பதால்தான் மனம் தூரத்தை உணர்கிறது. ட்ரோன் அவ்வாறே ஒரே வரப்பைப் பல இடங்களிலிருந்து படமெடுக்கிறது. கணிப்பொறி அப்படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணக்கிடுகிறது. ஆனால் படங்கள் தம்முள் ஒத்துப்போனால் மட்டும் போதாது; நிலத்தோடும் ஒத்துப்போக வேண்டும். தரையில் அளந்து வைத்த குறிகள் இல்லாவிடின், கணிப்பு தன்னளவில் ஒழுங்காக அமைந்தும், சமநிலத்தின் நடுப்பகுதி மெல்லக் குவிந்தோ குழிந்தோ காட்டும் தீங்கு நேர்வதுண்டு. படம் பார்வைக்கு மிக அழகாகவே இருக்கும். நீர் மட்டும் அதில் தவறான திசையில் ஓடும்.

இந்த உண்மையை நம் நாட்டில் நிலைநாட்டியவர் ட்ரோன் காலத்தவர் அல்லர். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்பார் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலி. அதைத் தாங்க மரப்பெட்டிகள். வெயிலால் சங்கிலி நீள்வதைக் கணக்கிட வெப்பமானிகள். அந்த ஒரு கோட்டிற்கு 57 நாட்கள் சென்றன. அதன் பின்னரே மலையுச்சிக்கு மலையுச்சி நோக்கி முக்கோணங்களைக் கோத்து இந்தியாவை அளக்கும் பெரும்பணி நடந்தேறியது. தென்திசை நோக்கி வருகையில், வந்த கணக்கு சரிதானா என்று சோதிக்க அவர் மீண்டும் மீண்டும் புது அடிக்கோடுகளை அளந்தார். அவற்றுள் ஒன்று அக்காலக் கோயமுத்தூர்ச் சீமையில் அமைந்தது. ஏடுகளில் ‘புச்சபாலியம்’ என ஆங்கிலேயர் நாவுக்கேற்ப எழுதப்பட்ட அவ்விடத்தின் அட்சம் 11 பாகைக்குச் சற்றே குறைவு. பல்லடத்தின் அட்சமும் ஏறக்குறைய அதுவே. நாம் இன்று அளக்கப்போகும் மண்ணின் கிடைக்கோட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் சங்கிலி பிடித்திருக்கிறார் என்பது அறிந்து மகிழத்தக்கது.

அவர் வாழ்விலிருந்து மற்றொரு செய்தியும் நமக்கு உதவும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது அரை டன் எடையுள்ள கோண அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதி நசுங்கிற்று. பல வாரங்கள் உழைத்து அவரே அதைச் செப்பனிட்டார். நம் ட்ரோன் இரண்டு கிலோ எடைகூட இராது. என்றாலும் உயரே ஏற்றுமுன் கயிற்றைப் பார்க்க வேண்டிய கடமை அவருக்கும் நமக்கும் ஒன்றே.

இனி கருவிக்கு வருவோம். தனி உழவர் ஒருவர் அளவை ட்ரோன் வாங்குவது, ஒரு மகளின் கலியாணத்திற்காகச் சொந்த மண்டபம் கட்டுவதை ஒக்கும். ஆண்டில் சில நாட்களே வேலை. மற்ற நாட்களில் பெட்டிக்குள் உறக்கம். டிராக்டரையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் போலச் சங்கத்தின் பொதுப்பொருளாக இருப்பதே இதற்குத் தக்கது. முதலாண்டில் வாடகைக்கு அமர்த்திப் பார்ப்பது அதனினும் நன்று என்பது நம் கருத்து. வாடகைக்கு எடுப்பினும் பறப்புத் திட்டத்தைத் தயாரிக்க அறிந்தவர் இருவராவது சங்கத்தில் இருத்தல் வேண்டும். நெய்யத் தெரியாதவன் துணியின் குறை நிறைகளை எப்படி மதிப்பிட முடியும்?

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. ஆகவே கடத்தல் சரக்கை மலிவென்று வாங்கிச் சங்கத்தின் பெயரைக் கெடுத்துக்கொள்ளலாகாது. 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகுப்புப் பிரிக்கின்றன. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதற்கு மேல் 25 கிலோ வரை சிறு வகை. நம் வேலைக்கு இவ்விரண்டில் ஒன்றே அமையும். ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் பெற வேண்டும். ஓட்டுபவருக்குப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். வணிக நோக்கமின்றி மைக்ரோ வகையை இயக்குவோர்க்கு இதில் விலக்குண்டு. ஆயினும் சங்கம் கூலி பெற்றுப் பறக்கவிடுமாயின் அவ்விலக்கை நாடுதல் முறையன்று. பிறர்க்கு நேரும் சேதத்திற்கான காப்பீடும் வேண்டற்பாலது.

எங்கே பறக்கலாம் என்பது நம் வட்டாரத்தில் தனிக் கவனத்துக்குரியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என வான்வெளியை மூன்றாகப் பிரித்த வரைபடத்தை அரசு ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் வெளியிட்டது. பச்சைப் பகுதியில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, தனி அனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அவ்வுயரம் 200 அடியாகக் குறைகிறது. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலரின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியே வேண்டும். பல்லடத்திற்கு மேற்கே 15 கிலோமீட்டருக்குள் இந்திய விமானப்படையின் சூலூர்த் தளம் உள்ளது. காரணம்பேட்டைப் பக்கம் செல்லச் செல்ல அது நெருங்குகிறது. ஆகவே ‘பக்கத்துத் தோட்டத்தில் பறந்தார்கள், நாமும் பறப்போம்’ என்பது இங்கே செல்லாது. நம் சர்வே எண் எந்த நிறத்தில் விழுகிறது என்பதைப் பறக்கும் நாளன்று காலையிலும் ஒருமுறை பார்த்துக் குறித்துவைப்பது அவசியம்.

ட்ரோனை முதலில் ஒழுங்குபடுத்தும் வேலையை விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டே செய்ய வேண்டும். மேசைமேல் திடீரெனச் சுழலும் விசிறி விரலைக் கொண்டுபோய்விடும். கருவியை மட்டமாக வைத்துச் சமன்படுத்துதல், திசைகாட்டியை நாற்புறமும் திருப்பிப் பழக்குதல், கைக்கருவியின் தொடர்பு அற்றால் தானே வீடு திரும்பும்படி அமைத்தல் ஆகியவை இதில் அடங்கும். திசைகாட்டியைப் பழக்குமிடம் வெட்டவெளி மண்தரையாக இருக்க வேண்டும். விசைத்தறிக் கூடத்தின் கான்கிரீட் மாடி வசதியாகத் தோன்றும். ஆனால் அதனுள் இருக்கும் கம்பிகள் திசைகாட்டியை மயக்கும். டிராக்டரும் மின்மாற்றியும் அருகில் இருத்தலாகாது. வீடு திரும்பும் உயரம், அவ்விடத்துத் தென்னை, மின்கோபுரம், கைபேசிக் கோபுரம் இவற்றுள் மிக உயர்ந்ததைவிட 20 மீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றாலை அருகிலிருப்பின் அந்தப் பக்கமே பறக்கத் திட்டமிட வேண்டாம்.

மின்கலம் பற்றித் தறிக்காரர்களுக்கென்றே ஒரு சொல். இவ்வகை லித்தியம் மின்கலம் அடிபட்டாலோ அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலோ சீறிப் பற்றி எரியும், எளிதில் அணையாது. தறிக்கூடத்தில் கழிவுப் பஞ்சும் நூல் தூசும் எங்கும் படிந்திருக்கும். அங்கே மின்கலத்தை மின்னேற்றி வைத்துவிட்டு வீட்டுக்குச் செல்வது, வைக்கோற்போருக்கு அருகே அடுப்பு மூட்டுவதற்கு ஒப்பாகும். சிமெண்டுத் தரையில், எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஒருவர் பார்த்திருக்கவே மின்னேற்ற வேண்டும். பல நாள் பறக்காது வைப்பதானால் முழுதும் ஏற்றியும் வைக்கலாகாது, முழுதும் தீர்த்தும் வைக்கலாகாது, அறைக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்துவது நல்லது.

இப்போது நம் பாடத்தின் மையத்திற்கு வருகிறோம். பறக்கும் நாளுக்கு முன்னரே தரைக்குறிகளை இட வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. நம் தறியில் ஓடும் காடாத் துணியே போதும். ஒரு மீட்டர்ச் சதுரமாக வெட்டி, நான்கு கட்டங்களாக மடித்துக் கோடிட்டு, எதிரெதிர்க் கட்டங்கள் இரண்டைக் கறுப்பு வண்ணத்தால் நிரப்பினால், நடுவில் நாற்கட்டமும் கூடும் புள்ளி உயரத்திலிருந்து தெளிவாகத் தெரியும். இவ்வாறு ஏழு துணிகள் செய்க. நான்கை நிலத்தின் மூலைகளுக்கு அருகில் விரிக்க. ஒன்றை நடுவில் விரிக்க. நிலத்தில் மேடோ பள்ளமோ இருப்பின் நடுத்துணியை அங்கே நகர்த்தலாம். மீதி இரண்டும் சாட்சித் துணிகள். அவற்றின் வேலையைப் பின்னர்க் கூறுவோம். மரநிழலும் கூரையோரமும் ஆகா. ஒவ்வொரு மூலையிலும் கல் வைத்து அழுத்துவதோடு, நடுப்புள்ளிக்கு நேர்கீழே ஓர் ஆணியோ முளையோ அடித்துவைக்க வேண்டும். காற்றில் துணி நகர்ந்தாலும் முளை நகராது.

அப்புள்ளிகளின் இடத்தை அளப்பது எப்படி? கைபேசியின் ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிழைக்கும். உயரத்தில் இன்னும் மோசம். அதை நம்பி இட்ட குறி, குறியே இல்லாததற்குச் சமம். நிலையான ஓரிடத்துக் கருவியிலிருந்து திருத்தம் பெற்று அளக்கும் ஆர்.டி.கே. என்னும் முறை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். நில அளவையர்கள் இக்கருவியை நாள் வாடகைக்குத் தருவதுண்டு. 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையும் நாடெங்கும் நிரந்தர நிலையங்கள் அமைத்து இத்திருத்தத்தை வழங்கிவருகிறது. செலவைக் குறைக்க விரும்பும் சங்கங்கள் ட்ரோனின் ஆடம்பரத்தில் குறைத்துக்கொள்ளட்டும். இதில் குறைக்க வேண்டாம்.

இங்கே பலரை மருட்டும் ஒரு செய்தி உண்டு. செயற்கைக்கோள் தரும் உயரம் கடல் மட்டத்திலிருந்து எண்ணப்படுவதன்று. பூமியைச் சீரான முட்டை வடிவாகப் பாவித்து அதிலிருந்து எண்ணப்படுவது. நம் பகுதியில் இவ்விரண்டுக்கும் 90 மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. கருவி காட்டும் உயரம் ஊர்ப்பலகையில் எழுதியதைவிட அவ்வளவு குறைந்திருந்தால் கருவி கெட்டுவிட்டதென எண்ண வேண்டாம். நீர் ஓடும் திசையறிய உயர வேறுபாடே போதும். எல்லாப் புள்ளிகளையும் ஒரே முறையில் அளப்பதே முக்கியம். கட்டத் தூரங்களுக்குக் கணிப்பொறி ‘மண்டலம்’ கேட்கும். பல்லடம் 43ஆம் மண்டலத்தைச் சேர்ந்தது. கிழக்கே 78 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டினால் 44.

பறப்புக் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நாற்பது ஏக்கர், ஏறத்தாழ 400 மீட்டருக்கு 400 மீட்டர்ச் சதுரம் எனக் கொள்க. கேமரா 6000க்கு 4000 புள்ளிகள் கொண்டது. புள்ளி ஒன்றின் அகலம் 0.0039 மில்லிமீட்டர், வில்லையின் குவியத் தூரம் 16 மில்லிமீட்டர். புள்ளியகலத்தை உயரத்தால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், தரையில் ஒரு புள்ளி எவ்வளவு என்பது வரும். நூறு மீட்டர் உயரத்தில் அது 2.4 சென்டிமீட்டர். ஆகவே ஒரு படம் தரையில் 146 மீட்டர் அகலமும் 97 மீட்டர் நீளமும் அடக்கும்.

ஒரு படம் அடுத்த படத்தோடு எவ்வளவு படிய வேண்டும்? பறக்கும் திசையில் நூற்றுக்கு 80, பக்கவாட்டில் 70 என்பது முதற் பறப்புக்குத் தக்க அளவு. அப்போது தரையின் ஒவ்வொரு புள்ளியும் சுமார் பதினாறு படங்களில் விழும். பாவும் ஊடையும் நெருங்க நெருங்கத் துணி உறுதிப்படுவது போன்றதே இது. 97இல் ஐந்தில் ஒரு பங்கு 19 மீட்டருக்குச் சற்று மேல். அத்தனை தூரத்திற்கு ஒரு படம். 146இல் பத்தில் மூன்று பங்கு 44 மீட்டர். அதுவே இரு கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி. நிலத்திற்குப் பத்துக் கோடுகள் போதும் எனினும், ஓரங்கள் நன்கு விழுவதற்காக இருபுறமும் ஒவ்வொன்று கூட்டிப் பன்னிரண்டு கோடுகள் கொள்க. ஒவ்வொரு கோட்டையும் எல்லைக்கு வெளியே நாற்பது மீட்டர் நீட்டினால் 480 மீட்டர். திருப்பங்கள் உட்பட மொத்தம் ஆறேகால் கிலோமீட்டர். படங்கள் சுமார் முந்நூறு. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் பதினேழு நிமிடத்திற்கு மேல்; ஏறி இறங்குவதையும் சேர்த்தால் இருபது நிமிடத்தைத் தாண்டும்.

மின்கலம் முப்பது நிமிடம் பறக்குமென்று விற்பவர் சொல்வார். அது காற்றில்லாத நாளின் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கவே இறக்க வேண்டும் என்பதைச் சங்கத்தின் சட்டமாக வைத்துக்கொண்டால் இருபது நிமிடமே கிடைக்கும். ஆகவே நாற்பது ஏக்கரை ஒரே மூச்சில் முடிக்க முயலாது, இரண்டு பறப்புகளாகப் பிரிக்க. முதல் நாளில் இருபது ஏக்கர் போதும் என்போம். வேகத்துக்கும் ஒரு கணக்குண்டு. விநாடிக்கு 6 மீட்டர் செல்லுகையில், கேமராவின் கண் ஆயிரத்தில் ஒரு விநாடி திறந்திருந்தால் படம் 6 மில்லிமீட்டர் மட்டுமே இழுபடும். 250இல் ஒரு விநாடி திறந்திருந்தால் 24 மில்லிமீட்டர், அதாவது ஒரு முழுப் புள்ளி, மங்கும்.

நூறு மீட்டர் என்பது ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து எண்ணப்படுவது. நிலம் ஒரு பக்கம் உயர்ந்து சென்றால் அங்கே உயரம் குறைந்து, படங்கள் படியும் அளவும் குறையும். சரிவு அதிகமான காடுகளில் மேட்டிலிருந்து கிளப்புவதே நன்று.

பருவமும் வேளையும் சரியாக அமையாவிடில் மேற்சொன்ன கணக்கெல்லாம் வீண். ட்ரோன் பயிரின் தலையைத்தான் பார்க்கும், மண்ணைப் பார்க்காது. மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கும்போது அளந்தால் கிடைப்பது சோளத்தின் மேடு பள்ளமே. அறுவடை முடிந்து உழவுக்கு முந்திய வெறுங்காடே ஏற்றது. தென்னந்தோப்பில் ஓலைகள் ஆடுவதால் படங்கள் பொருந்தா. அங்கே நடந்து அளப்பதே வழி. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று, காற்றாலைக்காரருக்கு அறுவடை, நமக்கு ஓய்வு. தை, மாசி மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல், நிழல் குறுகியும் காற்று எழாமலும் இருக்கும் இரண்டு மணி நேரமே நம் வேளை.

பறக்குமுன் அண்டை அயலாருக்குச் சொல்லிவிட வேண்டும். இது வெறும் மரியாதை மட்டுமன்று. வாசலிலும் கிணற்றடியிலும் இருக்கும் பெண்கள் தலைக்குமேல் கேமரா பறப்பதை விரும்பார். அவர்கள் விரும்பாமைக்கு நியாயமும் உண்டு. கோழிப்பண்ணைக்காரருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். புதிய இரைச்சல் கேட்டு மிரளும் கோழிகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து மூச்சுத் திணறி மடிவதுண்டு. கொட்டகைகளின்மீது தாழப் பறத்தல் ஆகாது. கிளம்புமிடத்தையும் அவற்றிலிருந்து தள்ளி வைக்க. பருந்து வட்டமிட்டால் இறக்கிவிட்டுக் காத்திருப்பது உத்தமம். ஒருவர் கைக்கருவியைப் பார்க்க, மற்றொருவர் வானத்தை மட்டுமே பார்த்திருக்க வேண்டும்.

இறங்கியதும் வீட்டுக்கு விரையாமல், வயலிலேயே படங்களைத் திறந்து பார்க்க. ஏழு துணிகளும் தெரிகின்றனவா? ஏதேனும் கோட்டில் படம் விட்டுப்போயிற்றா? துணிகளைச் சுருட்டிய பின் தெரியவந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

படங்களை இணைக்க ‘வெப்ஓடிஎம்’ என்னும் இலவச மென்பொருளும், வரைபடம் பார்க்க ‘க்யூஜிஐஎஸ்’ என்னும் இலவச மென்பொருளும் உள்ளன. முந்நூறு படங்களுக்கு ஒரு சாதாரணக் கணிப்பொறி இரவு முழுதும் உழைக்கலாம். ஐந்து துணிகளின் அளவையே கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டும். இரண்டு சாட்சிகளைச் சொல்லலாகாது. வரைபடம் வந்தபின் அச்சாட்சிகளின் உயரம் அதில் எவ்வளவு காட்டுகிறது, நாம் தரையில் அளந்தது எவ்வளவு என ஒப்பிடுக. நம் உதாரணத்தில் மூன்று முதல் ஏழு சென்டிமீட்டர் வேறுபாடு இயல்பு. பத்தைத் தாண்டினால் காரணம் தெரியும்வரை மண்வெட்டியைத் தொட வேண்டாம். இருபதைத் தாண்டினால் அப்படத்தை உறுப்பினர்க்குக் காட்டவும் வேண்டாம். அழகிய படத்தை ஒருமுறை பார்த்தவர் மனத்திலிருந்து அதை அகற்றுவது கடினம்.

ஓர் எச்சரிக்கை. இப்படத்தில் வரப்பு தெரியும். ஆனால் வரப்பு பட்டா எல்லையாகாது. புலப்படத்தோடு இதை ஒட்டிப் பார்த்து, ‘உன் வேலி என் நிலத்தில் இரண்டு அடி வந்திருக்கிறது’ என்று கிளம்புவோர் ஊருக்கு நால்வர் இருப்பர். எல்லையை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசு நில அளவையருக்கே உண்டு. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய ‘ஸ்வாமித்வா’ திட்டத்தில் அரசே ட்ரோன் கொண்டு அளந்தபோதும், அது கிராமக் குடியிருப்பு மனைகளைப் பற்றியது, விளைநிலத்தைப் பற்றியதன்று. சங்கத்தின் படம் நீருக்காக எடுத்தது என்பதை முதற் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவது நலம். ஒருவர் நிலத்தின் படத்தை அவர் இசைவின்றி வெளியாருக்குத் தரக்கூடாது என்பதும் அத்தீர்மானத்தில் இடம்பெறட்டும்.

அச்சிட்ட வரைபடத்தை 1000இல் ஒரு பங்கு அளவில் எடுத்தால் நாற்பது ஏக்கர் சுவரில் மாட்டும் ஒரு தாளில் அடங்கும். அதில் மூத்த உறுப்பினர்களைக் கொண்டு பழைய ஓடைகளைப் பென்சிலால் வரையச் செய்க. கணிப்பொறி காட்டும் நீர்வழியும் அவர்கள் நினைவும் வேறுபடும் இடங்களில் நேரில் சென்று பார்த்தால் பெரும்பாலும் ஒரு புது மண்சாலையோ மூடிய பாலமோ தென்படும். குட்டைக்கான இடத்தைத் தேர்ந்தபின்னும், முதல் கனமழையன்று குடையோடு ஒருவர் அங்கே நின்று பார்த்து வருவது விரும்பத்தக்கது.

மூலப் படங்கள் இரண்டு மூன்று ஜிகாபைட் அளவே வரும். அவற்றை அழிக்காமல், இரு வேறு இடங்களில் இரு படிகள் வைக்க. தரைக்குறிகளின் அளவுகளைச் சங்கப் பேரேட்டில் மையால் எழுதி, முளைகள் அடித்த இடங்களில் சிறு கற்களை நட்டுவைத்தால், குட்டை வெட்டியபின் அடுத்த தை மாதம் அதே கற்களின்மேல் துணி விரித்து மறுபடி அளக்கலாம்.